இல்லாத பெடலை மிதித்த கால்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பா நன்றாக இருக்கிறார், என் முட்டி வலியும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாகவே இருக்கிறது. அங்கே நீ, மருமகள், பேத்தி மூன்று பேரும் சுகமா, குளிர் விட்டதா, குட்டிக்கு இருமல் நின்றதா என்று ஒரு வரி எழுது. போனில் கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கோம்மா என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவாய், அதனால்தான் இந்த முறை போனைத் தொடாமல் பேனாவை எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. போனில் நான் கத்தினால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், காகிதத்தில் கத்தினால் முழுதும் கேட்டுத்தான் ஆகவேண்டும். விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்கள் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் செய்து, அம்மாவுக்குக் கை நடுங்குது சார், துப்பாக்கியெல்லாம் அவங்களுக்கு வேண்டாம், வெளிவாசல்லயே போட்டுடுங்க என்று சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்து பதினாறு நாள் ஆகிறது. இந்தப் பதினாறு நாளும் உன்னோடு சிரித்துச் சிரித்துத்தான் பேசினேன், நீயும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நிம்மதியாக இருந்திருப்பாய். ஏன் சிரித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பரீட்சை முடிவையும் இங்கே மேலேயே சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீ எதையும் முடிவு தெரிந்தவுடன் மடித்து வைத்துவிடுகிறவன். உட்கார்ந்து முழுதும் படி. மருமகளும் பக்கத்தில் இருந்தால் சத்தமாகவே படி.

உனக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பதே சரியாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். வாட்ச்மேன் வேலை என்று நீ யாரிடமோ சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். குடிநீர் நிலையத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. வெளிவாசலில் வண்டி வந்தால் கட்டையைத் தூக்கவேண்டும், போனால் இறக்கவேண்டும், வெயிலில் நிற்கவேண்டும். உள்வாசல் என்பது பம்பு அறைக்கும் மருந்து கலக்கும் அறைக்கும் போகிற இரும்புக் கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் எனக்குப் பின்னால்தான் ஓடுகிறது. யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள், யார் முகம் சரியில்லை என்று எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஈ நுழையாது. போன வருடம் ஒருவன் இரும்புக் கம்பியோடு பின்சுவர் ஏறிக் குதித்து வந்து பம்பு ஆபரேட்டர் மண்டையில் போட்டானே, உனக்கு நான் பாதிதான் சொன்னேன். ஆபரேட்டரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினது நான். வெளியே அவன் கம்பியால் கதவை அடித்துக்கொண்டே இருந்தான், போலீஸ் வருகிறவரைக்கும் நான் தாழ்ப்பாளில் முதுகைக் கொடுத்து நின்றேன், கையில் ஒரு விசில் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் புது விதி வந்தது. உள்வாசலில் இருக்கிறவர்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கவேண்டும், அதற்கு மூன்று முறை வாய்ப்பு, ஐம்பது குண்டில் குறைந்தது நாற்பது வட்டத்துக்குள் விழவேண்டும், மூன்றாவது முறையும் தவறினால் வெளிவாசலுக்குப் போய்க் கட்டையைத் தூக்கவேண்டும். அந்தக் கதவை என் முதுகால் பிடித்தவள் நான். கட்டை தூக்க நான் போக மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதல் தடவை என்ன ஆனது என்று உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. சுடுகிற கூடத்தில் பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். காதில் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, என் கண்ணாடிக்கு மேலேயே இன்னொரு கண்ணாடி. நான் ஒன்றும் பயப்படவில்லை, இதை எழுதி வைத்துக்கொள். கை நேராக இருந்தது, குறியும் நேராக இருந்தது, ஆனால் டிரிகரை அழுத்துகிற நேரத்தில் என்னவோ நடந்தது. கண் மூடிக்கொண்டது, தோள் ஏறியது, துப்பாக்கி முனை தானாகக் குனிந்தது. ஐம்பதில் பத்தொன்பது. மீதி முப்பத்தொன்றும் வட்டத்துக்குக் கீழே இடது பக்கமாக ஒரே கூட்டமாக விழுந்து, அந்த மூலையில் அட்டையே கிழிந்து தொங்கியது. என்னோடு வேலை செய்கிற நெட்டை, அவன் முதல் தடவையிலேயே தேறியவன், அக்கா நீங்க குண்டுக்குக் கும்பிடு போட்டு அனுப்புறீங்க என்றான். அவ்வளவுதான், மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் கும்பிடு அக்கா ஆகிவிட்டேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் கூட, என்ன கும்பிடு அக்கா சௌக்கியமா என்கிறான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் எங்கள் அதிகாரி இருக்கிறாரே, கக்கத்தில் ஃபைல் இல்லாமல் கை கழுவக்கூடப் போக மாட்டார், அதனால் எல்லாருக்கும் அவர் ஃபைல் சார்தான். அவர் என்னைக் கூப்பிட்டு, பயம் இயற்கைதாம்மா, பொம்பளைங்களுக்கு அது கூடவே வர்றது, வெளிவாசல்ல நிழலுக்கு ஒரு கூரை போட்டுத் தர்றோம் என்றார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கூரையை நீங்களே வெச்சுக்கோங்க சார், எனக்கு இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயிற்சி கொடுக்கிறது ஒரு பெண். உன்னைவிட ஒரு வயது கம்மியாகத்தான் இருப்பாள், என் தோள் உயரம்தான், குட்டி வாத்தியார் என்று பெயர். அதிகம் பேச மாட்டாள், பேசினால் கேட்டுக்கொள்ளவேண்டும். அவள் ஒரு வேலை செய்தாள். எனக்குத் தெரியாமல், தோட்டா அடைக்கிற மேகசினில் நல்ல தோட்டாவுக்கு நடுவே நடுவே டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாள். டம்மி வெடிக்காது, டக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். எது வெடிக்கும் எது வெடிக்காது என்று சுடுகிறவளுக்குத் தெரியாது. மூன்று குண்டு வெடித்தது, நாலாவது டக். வெடி இல்லை, உதை இல்லை, ஆனாலும் துப்பாக்கி முனை அரைச் சாண் கீழே போய் நின்றது. அதை நானே என் கண்ணால் பார்த்தேன் தம்பி. வெடிக்காத குண்டுக்கு என் கை குனிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குட்டி வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. இது எல்லாருக்கும் வர்றதுதான் அக்கா, வெடிக்கப் போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே தயாராகுது, எப்ப வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியாம இருக்கணும், டிரிகரை மெதுவா, தேன் வடியற மாதிரி அழுத்திட்டே போங்க, அது வெடிக்கறப்ப வெடிக்கட்டும் என்றாள். சொல்வது சுலபம். நான் மெதுவாகத்தான் அழுத்துவேன், பாதி தூரம் வந்ததும் என்னமோ ஒன்று இப்போ என்று சொல்லும், கை குனிந்துவிடும். இறுக்கிப் பிடிங்க அக்கா என்று நெட்டை சொன்னான் என்று இறுக்கிப் பிடித்தேன், விரல் வெளுத்து, கை உதறலெடுத்து, இன்னும் கேடாகப் போனது.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், பழகாமலும் இருக்க முடியவில்லை. அதனால் துணி தேய்க்கும்போது தண்ணீர் அடிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டேன், அதுவும் விரலால் அழுத்துகிறதுதானே. சமையல் மேடைக்கு மேலே சுவரில் பதித்த ஒரு ஓட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டி, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, மெதுவாக அழுத்தி அழுத்திப் பழகினேன். உன் அப்பா அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார், வேறு இடத்தில் வெளிச்சம் பத்தாதாம். முதல் நாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார், இரண்டாம் நாள் பேப்பரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார், நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை, அந்தப் பிடிவாதம்தான் உனக்கும் வந்திருக்கிறது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பேப்பருக்குக் கீழே இருந்து, எதுக்கு நீ ஒவ்வொரு தடவையும் பிரேக் மிதிக்கிற என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. என்ன உளர்றீங்க என்றேன். உன் வலது காலைப் பாரு என்றார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினவர், பக்கத்தில் யார் நின்றாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். நான் பாட்டிலைத் தூக்கிக் குறி பார்த்து அழுத்தினேன், என் வலது காலின் முன்பாதம் தரையைத் தட்டென்று மிதித்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி மிதித்தது. மிதிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன், அப்போதும் மிதித்தது. கால் மிதிக்கிற அதே நொடியில் தோள் ஏறுகிறது, கண் மூடுகிறது, கை கீழே போகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே காரியம். நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், என்ன ஆச்சு என்று பதறி உன் அப்பா எழுந்தார், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மூடி கம்பெனி தம்பி. நீ பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க நான் வேலை செய்தேனே, டப்பாவுக்கு மூடி அடிக்கிற பிரஸ் மெஷின். பதினெட்டு வருடம். தகட்டை வைக்கவேண்டும், கையை எடுக்கவேண்டும், காலால் பெடலை மிதிக்கவேண்டும், மேலே இருந்து இரும்பு இறங்கி டமார் என்று அடிக்கும், மூடி விழும். வை, எடு, மிதி. வை, எடு, மிதி. இதை நாங்கள் பாட்டு மாதிரி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்போம், சொல்லித்தான் ஆகவேண்டும், வரிசை மாறினால் விரல் போய்விடும். எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவள் ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் எடுப்பதற்கு முன்னால் மிதித்துவிட்டாள், இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து மிதிக்கிற நொடியில் என் கண் மூடும், தோள் ஏறும், இரண்டு கையும் மடிக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவை. அப்படிக் கையை இறக்கினதால்தான் இன்றைக்கு எனக்குப் பத்து விரலும் இருக்கிறது, அந்தப் பத்து விரலால்தான் உன்னைப் படிக்க வைத்தேன். இப்போது சொல், இது பயமா. ஃபைல் சார் பயம் என்கிறார், நீ நடுக்கம் என்கிறாய், நெட்டை கும்பிடு என்கிறான். நான் சொல்கிறேன், இது பதினெட்டு வருட வேலை. கம்பெனியை இழுத்து மூடி, மெஷினைப் பழைய இரும்புக்குத் தூக்கிக் கொடுத்து எத்தனையோ வருடமாயிற்று, என் காலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் நோய் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். போகவில்லை. குட்டி வாத்தியாரிடம் சொன்னேன், அவள் கண் விரிந்தது, குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வலது காலை முன்னால் வைத்து நிற்கச் சொன்னாள், இடது காலை முன்னால் வைக்கச் சொன்னாள், செருப்பைக் கழற்றச் சொன்னாள், முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நிற்கச் சொன்னாள், அதில் நான் விழப் பார்த்தேன். காலைக் கட்டினால் வாய்க்குள் அந்தப் பாட்டு வருகிறது, வாயைக் கட்டினால் மனதுக்குள் வருகிறது. துப்பாக்கியைத் தூக்கும்போது வை, குறி பார்க்கும்போது எடு, மூன்றாவது வார்த்தை வருகிற இடத்தில் கை குனிந்துவிடும். இரண்டாவது தடவை பரீட்சையில் முப்பத்தொன்று வந்தது. பத்தொன்பதுக்கு முப்பத்தொன்று மோசமில்லை என்றாள் வாத்தியார், ஆனால் நாற்பதுக்கு முப்பத்தொன்று மோசம்தான். அன்றைக்கு உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ என்ன சொன்னாய், விடும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம், கிளம்பி இங்க வந்துடு, பேத்தியப் பார்த்துட்டு இருக்கலாம் என்றாய். பேத்தியைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றில் தோற்றுவிட்டு அந்தத் தோல்வியை மூட்டை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து, பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, உங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. வரும்போது ஜெயித்தவளாக வருவேன், விருந்தாளியாக வருவேன், லீவு முடிந்ததும் திரும்பிப் போவேன்.

அதற்கு மூன்றாம் நாள் ஃபைல் சார் கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் தவறினவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசுவது வழக்கமாம். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொம்பக் கனிவாக, உங்க பையன் பேசினாரும்மா, நல்ல பிள்ளை, உங்க மேல எவ்வளவு அக்கறை, கை நடுக்கம் இருக்குன்னு சொன்னார், நான் குறிச்சு வெச்சிருக்கேன், மூணாவது தடவை வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா மரியாதையா இருக்கும் என்றார். என் முதுகுக்குப் பின்னால், என் வேலையைப் பற்றி, ஆம்பளைக்கு ஆம்பளை பேசி முடித்திருக்கிறீர்கள். யோசிச்சுச் சொல்றேன் சார் என்று நேரே சுடுகிற கூடத்துக்குப் போனேன், குட்டி வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேகசினை நீட்டினாள். துப்பாக்கியைத் தூக்கினேன். வாய்க்குள் வழக்கமான பாட்டு வரவில்லை, நீதான் வந்தாய். ஏன்டா டேய், உன்னைப் பெத்து வளர்த்துப் பேசக் கத்துக்குடுத்து ஆளாக்கினா நீ என் ஆபீசுக்கே போன் போட்டு எனக்குக் கை நடுங்குதுன்னு சொல்லுவியா, எந்தக் கைடா நடுங்கிச்சு, உனக்கு அம்மை போட்டப்ப மூணு வாரம் விசிறின கையா, நீ கணக்குல ஃபெயிலாகிட்டு அப்பாகிட்ட சொல்லாதேன்னு அழுதப்ப கையெழுத்துப் போட்ட கையா என்று நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே போகிறேன், விரல் அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போகிறது, நடுவில் எங்கேயோ டமார் என்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அட்டையைப் பார்த்தால் வட்டத்துக்கு நட்ட நடுவில் ஒரு ஓட்டை.

வாத்தியார் இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். விட்ட இடத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்தேன். நடுவில் டம்மி வந்தது, டக், முனை அசையவே இல்லை. கால் அங்கேயே சும்மா கிடந்தது. வை எடு மிதிக்கு மூன்றாவது வார்த்தை உண்டு தம்பி, அது எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியும். உன்னைத் திட்டுகிற திட்டுக்கு முடிவு ஏது, எந்த வார்த்தையில் வெடிக்கும் என்று எனக்கும் தெரியாது, என் காலுக்கும் தெரியாது. அதுதான் மருந்து. அக்கா என்ன சொல்லிக்கிட்டே சுடுறீங்க, மந்திரமா என்று கேட்டாள். என் பையனைத் திட்டுறேன் மேடம் என்றேன். முதல் முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன், நிறையத் திட்டுங்க, ஆனா வீட்டுல வெச்சுத் திட்டித் தீர்த்துடாதீங்க என்றாள். இப்போது புரிகிறதா நான் ஏன் பதினாறு நாள் போனில் சிரித்துப் பேசினேன் என்று. அம்மா ரொம்பச் சாந்தமாகிவிட்டாள் என்று நீ மருமகளிடம் சொன்னாயாம், அவள் சொல்லித்தான் தெரியும், அவளும் நானும் சேர்ந்து சிரித்தோம், அதற்காக அவள் மேல் பாயாதே. உன்மேல் இருந்த கோபத்தில் ஒரு சொட்டையும் நான் வீணாக்கவில்லை, அத்தனையும் அட்டைக்குத்தான் போனது.

முந்தாநாள் காலை பத்து மணிக்கு மூன்றாவது பரீட்சை. ஃபைல் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், நெட்டையும் இன்னும் இரண்டு பேரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். பத்துப் பத்தாக ஐந்து முறை சுடவேண்டும். முதல் பத்தில் எட்டு, இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் எட்டு. நாலாவதில் என்ன ஆனது என்றால், பதினான்கு நாளாகத் திட்டி, அன்றைக்கு முப்பது குண்டுக்கும் திட்டி, எனக்குத் திட்டு தீர்ந்துபோயிற்று. சொன்னதையே சொல்ல ஆரம்பித்தேன், சொன்னதையே சொன்னால் அதுவும் ஒரு பாட்டாகிவிடுகிறது, பழைய கால் எட்டிப் பார்த்துவிட்டது, ஏழுதான். முப்பத்திரண்டு. கடைசிப் பத்தில் எட்டு விழவேண்டும், உன்மேல் கோபமும் கையில் இல்லை. மேகசினை மாற்றும்போது எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நீ சொன்னது சரியாகவே இருந்தது. இவன் எதுக்குத்தான் அப்படிப் போன் பண்ணினான் என்று உன்னையே நினைத்துக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினேன். அப்போதுதான் என் நினைவில் நீ வந்து நின்றாய், ஒன்பது வயதில், கம்பெனி வாசலில், என் மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு. அந்த இரண்டு விரல் போனவளைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது நீ அங்கேதான் நின்றிருந்தாய். அதற்குப் பிறகு எத்தனை மாதம் நான் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்ப்பாய், ஒன்றும் சொல்ல மாட்டாய், பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாய். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். திட்ட வாய் வரவில்லை. இருக்குடா, எல்லாம் இருக்கு, ஒண்ணும் ஆகலை, நீ போய் விளையாடு, அம்மா வந்துட்டேன்ல என்று மனதுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு குண்டும் அது நினைத்த நேரத்தில் போனது. பத்தில் ஒன்று மட்டும் கீழே போயிற்று. ஒன்பது விழுந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

கதை அதோடு முடியவில்லை. ஃபைல் சார் எழுந்து வந்து கையெல்லாம் குலுக்கினார், பிறகு ஃபைலைத் திறந்தார். சந்தோஷம்மா, ஆனா உங்க பையன் சொன்னது இதுல பதிவாகியிருக்கு, அவர்கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன் என்றார். நான் கேட்டேன், சார், நெட்டைக்கு யாரு லெட்டர் குடுத்தாங்க, அவங்க அம்மா குடுத்தாங்களா. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள், நெட்டை தரையைப் பார்த்தான். ஃபைல் சாருக்கு முகம் சிவந்துபோயிற்று. அது வேறம்மா என்றார். என்ன வேற, அவனும் ஐம்பதுதான் சுட்டான், நானும் ஐம்பதுதான் சுட்டேன், எனக்கு வயசு ஐம்பத்து மூணு சார், இந்த வேலைக்கு என் பையன் கையெழுத்து வேணும்னா அவனையே கூப்பிட்டு அந்தக் கதவுல உக்கார வைங்க, நான் ஒரு லெட்டரும் வாங்கிட்டு வர மாட்டேன், லெட்டர் வேணும்னா இந்த அட்டையில நாற்பத்தொண்ணு எழுத்து இருக்கு, எண்ணிப் பாருங்க என்று அட்டையை அவர் ஃபைல் மேல் வைத்தேன். வாத்தியார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். விதியில அப்படி எதுவும் இல்ல சார், நான் பாஸ்னு எழுதியாச்சு என்றாள். அவர் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார், லெட்டர் கேட்கிற பக்கம் எங்கேயும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் நான் உள்வாசலில், இடுப்பில் துப்பாக்கியோடு. அதை யார்மேலும் நீட்டவேண்டிய நாள் எனக்கு வரவே கூடாது என்று இருக்கிறது, ஆனால் வந்தால் அன்றைக்குக் கண்ணை மூட மாட்டேன்.

இப்போது உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நீ செய்தது தப்பு. ஆனால் அது என்ன மாதிரித் தப்பு என்று அந்தக் கடைசிப் பத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வெடிக்காத குண்டுக்கு என் கை குனிந்த மாதிரி, எனக்கு ஒன்றும் ஆவதற்கு முன்னாலேயே நீ கண்ணை மூடிக்கொண்டு போனை எடுத்துவிட்டாய். ஒன்பது வயதில் கற்றுக்கொண்டதை உன் உடம்பு இன்னும் வைத்திருக்கிறது. அதற்காக உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல மாட்டேன், என்னைச் சொன்னபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்காகப் பயந்தேன் என்று சொல்லி அம்மாவை அவள் இடத்தில் இருந்து கிளப்புகிற உரிமை உனக்கு இல்லை, உன் அப்பாவுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. எனக்காகப் பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கே அது பிடித்திருக்கிறது. பயம் வந்தால் என் நம்பருக்குப் போன் செய், என்னிடம் சொல், நான் திட்டுகிறேன், நீ கேட்டுக்கொள். ஃபைல் சாருக்கு மறுபடி போன் செய்து மன்னிப்பு, விளக்கம் என்று எதுவும் வேண்டாம், லெட்டரும் எழுதாதே, எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். குட்டிக்கு இருமல் மருந்தை வேளை தவறாமல் கொடு, நீ நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளை வேலைக்குப் போக வேண்டாம் என்று ஏதாவது ஆரம்பித்தாய் என்று கேள்விப்பட்டேனோ அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நூறு வயது வாழவேண்டும். அப்பா விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இதை நீ எத்தனை நாளானாலும் மாற்றிக்கொள்ளலாம் ராசா. எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் கண் திறந்திருந்தது.

அன்பும் ஆசியும் இன்னும் கொஞ்சம் கோபமும்,
உன் அம்மா,
ஆயுதக் காவலர், உள்வாசல்.